கட்டையும் ஒலியும் பிரிந்த வரலாறு

ஒரு கட்டையை அழுத்தினால் ஓர் ஒலிதான் எழ வேண்டும் என்ற வரம்பைத் தாண்ட, விசைக்கருவிகளைச் செய்தவர்கள் மின்சாரம் வருவதற்கு முன்பே வழி தேடியிருக்கிறார்கள். ஐரோப்பியத் தேவாலயங்களின் குழல் ஆர்கன்களில் இரண்டு, மூன்று, சிலவற்றில் ஐந்து கட்டை வரிசைகள் படிக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் தனக்கென ஒரு குழல் தொகுதியை ஆளும். ‘கப்ளர்’ எனப்படும் இணைப்பியை இழுத்துவிட்டால், ஒரு வரிசையில் அழுத்திய கட்டை இன்னொரு வரிசையின் கட்டையையும் மரக்கோல்களின் வழியே சேர்த்து இழுத்துக்கொள்ளும். இந்தியாவில் செய்யப்படும் கப்ளர் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையோடு அடுத்த ஸ்தாயியின் அதே கட்டை விரல் படாமலே அமுங்குவதும் இதே உத்திதான். வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னணு விசைப்பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து வாசிக்க 1983இல் வந்த ‘மிடி’ என்னும் பொதுமுறையைக் கப்ளரின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். கப்ளர் ஒரே கருவிக்குள் ஒரே பட்டறையில் முடிந்த வேலை. மிடியோ ஒருவரையொருவர் சந்தையில் வீழ்த்தப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் மலிவையும் எளிமையையும் முன்வைத்துச் செய்துகொண்ட உடன்பாடு. அது இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கும், அதன்மீது இன்றுவரை சொல்லப்படும் குறைகளுக்கும் காரணம் அந்த மலிவும் எளிமையுமே.

1970களின் மேற்கத்திய ராக் மேடையில் விசைக்கலைஞர் ஒருவர் நான்கைந்து கருவிகளுக்கு நடுவே நின்றார். ரிக் வேக்மன், கீத் எமர்சன் போன்றோரின் மேடைத் தோற்றத்தில் ஆடம்பரம் இருந்தது உண்மைதான் என்றாலும், அந்த அடுக்குக்குத் தேவையே முதற்காரணம். ஹாமண்ட் ஆர்கன் ஆர்கனாக மட்டுமே ஒலித்தது. ரோட்ஸ் மின்பியானோ பியானோவுக்கு மட்டுமே உதவியது. வயலின் கூட்டத்தின் ஒலி வேண்டுமானால், ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடாத் துண்டை ஓடவிடும் மெலோட்ரான் வேண்டியிருந்தது. 1970இல் விற்பனைக்கு வந்த மினிமூக் சின்தசைசர், அதாவது மின்னலைகளைக் கொண்டு ஒலியைப் புதிதாகத் தொகுத்துத் தரும் கருவி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் இசைத்தது. அதற்கு நினைவகமும் கிடையாது என்பதால், ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குப் போகும்போது குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒலிக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு கட்டை வரிசை என்று அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. இரண்டு கைக்கு எட்டும் தூரமே அந்த அடுக்கின் எல்லை.

இக்கருவிகளை மின்கம்பியால் இணைக்க வழி இல்லாமல் இல்லை. கட்டையை அழுத்தும்போது ஒரு மின்னழுத்தம் பிறக்கும். அந்த அழுத்தத்தின் அளவு சுருதியைத் தீர்மானிக்கும். மூக் நிறுவனத்தின் முறையில் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு அரைச்சுரங்கள் இருப்பதால், அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கோர்க்கும் யமஹாவும் தங்கள் கருவிகள் பலவற்றில் வேறு கணக்கை வைத்திருந்தன: அங்கே ஒரு ஸ்தாயி உயர அழுத்தம் இரட்டிப்பாக வேண்டும். ஒன்றின் கம்பியை மற்றொன்றில் செருகினால் ‘ச’ வைத்த இடத்தில் ‘ச’ வராது. சுரம் எப்போது தொடங்குகிறது என்று அறிவிக்கும் இன்னொரு கம்பியிலும் ஒற்றுமை இல்லை. சிலர் அழுத்தத்தை உயர்த்தி அறிவித்தார்கள், மூக் கருவிகளோ கம்பியைத் தரையோடு இணைத்து அறிவித்தன. இவை போதாதென்று, மேடை விளக்கின் வெப்பம் ஏற ஏறச் சுருதியும் நகர்ந்தது. ஒரு கம்பி ஒரு சுரத்தைத்தான் சுமக்கும் என்பதால், பத்து விரலுக்கும் வேலை தரும் இசைக்கு இந்த ஏற்பாடு அறவே உதவவில்லை.

நிலைமையை மாற்றியது நுண்செயலி எனப்படும் சிறு கணிப்பொறிச் சில்லு. கலிஃபோர்னியாவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தில் டேவ் ஸ்மித் வடிவமைத்து 1978இல் வெளிவந்த புராஃபெட்-5, ஐந்து சுரங்களை ஒரே நேரத்தில் இசைத்ததோடு, அமைத்த ஒலிகளை நினைவிலும் வைத்துக்கொண்டது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எது விடுபட்டது என்று அடுத்தடுத்துச் சோதித்து எண்களாகக் குறித்துக்கொண்டது அதனுள் இருந்த சில்லே. கட்டையின் அசைவு எண்ணாக மாறிய பிறகு, அந்த எண்ணை இன்னொரு கருவிக்கு அனுப்புவது ஒரு சிறு படிதான். அந்தப் படியை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே ஏறியது என்பதுதான் வேடிக்கை. ஓபர்ஹைம் தன் கருவிகளுக்குள் மட்டும் ஓடும் பல கம்பி இணைப்பு ஒன்றை வைத்திருந்தது. ரோலண்ட் 1982இல் ஜூனோ-60 கருவியில் ‘டிசிபி’ என்ற 14 ஊசி இணைப்பைத் தந்தது. சீக்வென்ஷியலுக்கும் சொந்த முறை ஒன்று இருந்தது. ஒரு வீட்டுக்காரர்கள் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் மொழிகளாக அவை இருந்தன.

இந்த மொழிகளை ஒன்றாக்கும் யோசனையை 1981 ஜூனில் முன்வைத்தவர் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககெஹாஷி. அவர் முதலில் டாம் ஓபர்ஹைமிடமும், பின்னர் ஸ்மித்திடமும் பேசினார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் யமஹா, கோர்க், கவாய் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களும் பேச்சில் சேர்ந்தன. ஸ்மித்தும் அவருடைய பொறியாளர் செட் வுட்டும் உருவாக்கிய முதல் வரைவில் ‘சின்தசைசர்களுக்கான பொது இணைப்பு’ என்ற பொருள்படும் பெயர் இருந்தது. அதில் கிட்டார் கம்பிகளுக்குப் பயன்படும் சாதாரணச் செருகியே போதும் என்றும், நொடிக்கு 19,200 பிட் வேகம் போதும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. பிட் என்பது ஒன்று அல்லது சுழி என்ற மிகச் சிறிய தகவல் அலகு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 1982இன் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றின் ஆர்வம் வடிந்துவிட்டது. வேகம் போதாது என்றனர் சிலர், அவசரம் இல்லை என்றனர் சிலர். பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளிலிருந்து ஸ்மித்தும் நான்கு ஜப்பானிய நிறுவனங்களும் வரைவை மாற்றி மாற்றி எழுதியதன் விளைவே இறுதி வடிவம். வேகம் 31,250 பிட் ஆனது. அன்றைய சில்லுகளில் பரவலாக இருந்த பத்து லட்சம் துடிப்புக் கடிகாரத்தை 32ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும், எனவே இதற்கென்று தனி உறுப்பு தேவையில்லை. பெயரில் ‘சின்தசைசர்’ என்ற சொல் நீங்கி ‘இசைக்கருவி’ என்ற சொல் வந்தது: மியூசிக்கல் இன்ஸ்ட்ருமெண்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ், சுருக்கமாக மிடி. 1982 அக்டோபரில் ‘கீபோர்டு’ இதழில் இச்செய்தியை வெளியிட்டவர், மின்னழுத்த முறைக்குப் பெயர்போன ராபர்ட் மூக்கே.

1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகர் கண்காட்சியில், சீக்வென்ஷியலின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றின் கட்டையை அழுத்தியபோது போட்டி நிறுவனத்தின் கருவியும் சேர்ந்து ஒலித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மிடியின் விதித்தொகுப்பு அச்சில் வந்தது. அதைப் பயன்படுத்த எவரும் எவருக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இந்த ஒரு முடிவு, விதித்தொகுப்பின் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட மிடியைப் பரப்பியது என்று கருத இடமுண்டு. அதே ஆண்டு யமஹா வெளியிட்டு ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற டிஎக்ஸ்7 கருவியில் மிடி துளைகள் இருந்தன என்பது அதற்கு அடுத்த காரணம்.

மிடிக் கம்பியில் ஒலி போவதில்லை. கை செய்த செயலின் குறிப்பு மட்டுமே போகிறது. முதல் சேனலில் நடு ஸ்தாயியின் ‘ச’வாக ஐரோப்பியர் கொள்ளும் கட்டையை ஓரளவு அழுத்தி வாசித்தால் 144, 60, 90 என்பது போன்ற மூன்று எண்கள், அதாவது மூன்று பைட்டுகள், கம்பியில் ஓடும். 144 என்பது ‘முதல் சேனலில் ஒரு சுரம் தொடங்குகிறது’ என்னும் கட்டளை. 60 அந்தக் கட்டையின் எண். 90 கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போனது என்பதற்கான அளவு. விரலை எடுத்ததும் இன்னொரு மூன்று எண் தொகுதி போய்ச் சுரத்தை நிறுத்தும். ஒரு பைட்டின் எட்டு பிட்டில் முதலாவது, வருவது கட்டளையா விவரமா என்று பிரித்துக்காட்டவே ஒதுக்கப்பட்டுவிட்டதால், விவரத்துக்கு ஏழு பிட்தான் மிஞ்சும். ஏழு பிட்டில் 0 முதல் 127 வரை 128 எண்களை எழுதலாம். மிடியில் எங்கு பார்த்தாலும் 128 என்ற எண் எதிர்ப்படுவதன் இரகசியம் இவ்வளவே. கட்டளைப் பைட்டின் கடைசி நான்கு பிட் பதினாறு சேனல்களைக் குறிக்கும். ஒரே கம்பியில் பதினாறு கருவிகளுக்கான செய்திகள் கலந்து ஓடினாலும், தனக்கு ஒதுக்கிய சேனலின் செய்தியை மட்டும் ஒவ்வொரு கருவியும் எடுத்துக்கொள்ளும். தபால்காரர் ஒரே பையில் தெரு முழுவதற்குமான கடிதங்களைச் சுமப்பதுபோன்ற ஏற்பாடு இது. முதல் டிஎக்ஸ்7 செய்தி அனுப்பியது முதல் சேனலில் மட்டுமே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விதித்தொகுப்பு பதினாறு சேனல்களை வகுத்துத் தந்தும், செய்தவர்களுக்கே அவை எதற்குப் பயன்படும் என்பது தொடக்கத்தில் முழுவதும் பிடிபடவில்லை போலும்.

செருகிக்கு ஐரோப்பிய வானொலிப் பெட்டிகளிலும் ஒலிநாடாக் கருவிகளிலும் ஏற்கெனவே பழகிப்போன ஐந்து ஊசி டின் செருகி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐந்தில் இரண்டு ஊசிகள் சும்மா இருக்கும். இரண்டின் வழியே மின்னோட்டம் போய்வரும். நடு ஊசி கம்பியின் காப்புறைக்கு உரியது. அந்தக் காப்புறை அனுப்பும் முனையில் மட்டும் தரையிணைப்பு பெறும், வாங்கும் முனையில் துண்டிக்கப்பட்டிருக்கும். வாங்கும் கருவிக்குள் வரும் மின்னோட்டம் ஒரு சிறு ஒளியுமிழ் டையோடை எரியவைக்க, எதிரே உள்ள ஒளியுணரி அந்த மினுக்கத்தைப் படித்துக்கொள்ளும். இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பே கிடையாது, ஒளித்தொடர்பு மட்டுமே. பல கருவிகளை ஒன்றாக இணைக்கும்போது தரையிணைப்புகள் வளையமாகி ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் எழுவதை மேடை ஒலி அமைப்பாளர்கள் நன்கு அறிவர். சில ரூபாய் பெறுமதியுள்ள அந்த ஒளி இணைப்பி உறுமலை வாசலிலேயே நிறுத்தியது.

கருவியின் முதுகில் மூன்று துளைகள் இருக்கும்: செய்தி நுழையும் ‘இன்’, கருவியின் சொந்தச் செய்தி வெளியேறும் ‘அவுட்’, உள்ளே வந்ததை அப்படியே அடுத்த கருவிக்குக் கைமாற்றும் ‘த்ரூ’. முதல் கருவியின் அவுட்டிலிருந்து இரண்டாவதன் இன்னுக்கு, இரண்டாவதன் த்ரூவிலிருந்து மூன்றாவதன் இன்னுக்கு என்று சங்கிலியாகக் கோப்பது எளிய முறை. ஒவ்வொரு கருவியையும் கடக்கும்போது ஒளி இணைப்பியின் மந்தத்தால் துடிப்பின் கூர்மை சற்றே மழுங்குவதால், மூன்று நான்கு கருவிகளுக்கு மேல் சங்கிலி நீண்டால் செய்தி சிதையக்கூடும். அதற்காகவே ஒரு இன்னிலிருந்து பல த்ரூக்களைப் பிரித்துத் தரும் தனிப்பெட்டிகள் வந்தன. கம்பியின் நீளத்துக்கும் 15 மீட்டர் என்ற வரம்பு வைக்கப்பட்டது. ஒரு செய்தியைப் பலருக்குப் பிரிப்பது எளிது. இருவர் செய்தியை ஒருவரிடம் சேர்ப்பது அப்படியல்ல. இரண்டு அவுட்டுகளை வெறும் கம்பியால் முடிச்சுப்போட்டால், ஒன்றின் மூன்று எண்களுக்கு நடுவே மற்றொன்றின் எண்கள் புகுந்து, கேட்கும் கருவிக்கு எதுவும் விளங்காமல் போகும். ஒரு செய்தி முடியும்வரை மற்றதைக் காத்திருக்கவைக்கும் சிறு கணிப்பொறி கொண்ட இணைப்புப் பெட்டிதான் அங்கே உதவும்.

இந்த ஏற்பாட்டுக்கே உரிய கோளாறுகளும் பிறந்தன. சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கம்பியில் தடுக்கி அது பிடுங்கப்பட்டுவிட்டால், ‘நிறுத்து’ என்ற செய்தி வந்துசேராது. கருவியோ சொன்ன சொல் தவறாமல் அந்த ஒரே சுரத்தை முடிவின்றி இசைத்துக்கொண்டிருக்கும். எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் தனிக்கட்டளை ஒன்றும், இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதை 300 மில்லிநொடிக்குள் மீண்டும் மீண்டும் தெரிவிக்கும் ‘ஆக்டிவ் சென்சிங்’ என்ற விருப்பக்குறிப்பும் இதற்காகவே விதித்தொகுப்பில் உள்ளன. வாசிப்பைப் பதிந்துவைத்துத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சர் வழியே செய்தி சுற்றி, புறப்பட்ட கருவிக்கே திரும்பிவந்தால், ஒரே கட்டைக்கு இருமுறை ஒலி எழும். கருவியின் கட்டைகளுக்கும் அதன் சொந்த ஒலிக்கும் உள்ள நேரடித் தொடர்பை அறுக்கும் ‘லோக்கல் ஆஃப்’ என்ற அமைப்பே இதற்கு மருந்து. ஒரே பெட்டிக்குள் இருக்கும் கட்டை வரிசையும் ஒலியாக்கியும் இரண்டு அந்நியர்களைப்போல வெளிக்கம்பி வழியே பேசிக்கொள்ளும் விந்தை நிலை அது.

அவை அந்நியர்களாக முடியும் என்றானபின், ஒரே பெட்டியில் இருக்க வேண்டிய அவசியமும் மறைந்தது. ரோலண்ட் 1984இல் ‘மதர் கீபோர்டு’ என்ற பெயரில், தனக்கென ஒலியே இல்லாத கட்டை வரிசைகளை விற்றது. பியானோ போன்ற கனத்த 88 கட்டைகளுடன் யமஹாவின் கேஎக்ஸ்88 வந்தது. மறுபுறம், கட்டையே இல்லாத ஒலிப்பெட்டிகள் தொலைபேசி நிலையங்களிலிருந்து இரவல் பெற்ற 19 அங்குல அகல அடுக்குச் சட்டத்தில் ஏறின. யமஹாவின் டிஎக்ஸ்816 என்ற ஒரே பெட்டிக்குள் எட்டு டிஎக்ஸ்7 கருவிகளின் ஒலியாக்கம் அடங்கியிருந்தது. பத்தாண்டுக்கு முன் மேடையின் பாதியை அடைத்த அடுக்கு, ஒரு கட்டை வரிசையாகவும் அலமாரி ஒன்றாகவும் சுருங்கியது. இடக்கைப் பகுதியை ஒரு சேனலுக்கும் வலக்கைப் பகுதியை இன்னொன்றுக்கும் பிரிப்பது ‘ஸ்பிளிட்’. ஒரே கட்டைக்குப் பியானோவையும் வயலின்களையும் சேர்த்து ஒலிக்கவிடுவது ‘லேயர்’. 1980களின் பிற்பகுதியில் வந்த மேற்கத்திய மெல்லிசையின் தடித்த, மினுமினுத்த பியானோ ஒலி பெரும்பாலும் இந்த லேயரின் குழந்தை. ஆயினும் இரண்டு மூன்று தட்டு விசைப்பலகைகளை வைக்கும் சாய்வு நிலைகள் மேடையைவிட்டு மறையவில்லை. பாட்டின் நடுவே எந்த ஒலி எந்தச் சேனலில் இருக்கிறது என்று சிறு திரையைப் பார்த்துத் தேடுவதைவிட, மேல்தட்டில் கையை வைத்தால் குழலும் கீழ்த்தட்டில் வைத்தால் பியானோவும் வரும் என்ற உடல்நினைவு நம்பத்தக்கது என்பதை வாசிப்பவர்கள் அறிந்திருந்தார்கள்.

கணிப்பொறி இந்தச் சங்கிலியில் சேரத் தாமதமாகவில்லை. 1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்டி கணிப்பொறியில் மிடி துளைகள் பிறவியிலேயே இருந்தன. தமிழ்த் திரையிசையிலும் கணிப்பொறி கொண்டு கோத்த இசை 1986இல் இளையராஜா இசையமைத்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் கேட்டது.

மிடியின் மலிவுக்குக் கொடுத்த விலை வேகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு பைட்டோடும் தொடக்கத்துக்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றுமாக இரண்டு பிட் சேர்வதால், ஒரு பைட் கடக்க 320 மைக்ரோநொடியும், ஒரு சுரச்செய்தி கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிநொடியும் ஆகும். தனியாளின் வாசிப்புக்கு அது பொருட்டல்ல. நான்கு கருவிகளுக்கு ஆளுக்குப் பத்துச் சுரம் என்று சீக்வென்சர் ஒரே கணத்தில் அனுப்பினால், கடைசிச் சுரம் கிட்டத்தட்ட 40 மில்லிநொடி பின்தங்கி, ஒருமித்து விழ வேண்டிய அடி சிதறி விழும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி இசை ஆய்வாளர் ரிச்சர்ட் மூர் 1988இல் மிடியின் செயற்பாட்டுக் கோளாறுகளைத் தலைப்பாகவே கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் விரும்பிய வேகத்துக்கு அன்று ஆகியிருக்கும் செலவில், மிடி சிறு விசைப்பலகைகள்வரை இறங்கியிருக்காது.

இதைவிட ஆழமான குறை, இசையை மிடி பார்க்கும் பார்வையில் இருக்கிறது. அதற்குச் சுரம் என்பது ஒரு கட்டை. தொடங்கும், முடியும், இடையில் அசையாது. கர்நாடக இசையிலோ தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கமகம் சுரத்தின்மேல் ஏற்றிய அலங்காரமாக இல்லாமல் சுரத்தின் உடலாகவே இருக்கிறது. சுருதியை வளைக்க மிடியில் 16,384 நுண்படிகள் கொண்ட ‘பிட்ச் பெண்ட்’ கட்டளை உண்டு. இடக்கையால் அதன் சக்கரத்தை அசைத்தபடி வலக்கையால் வாசித்து ராகங்களை இசைப்போர் தமிழ்நாட்டிலும் உள்ளனர். ஆனால் அந்த வளைவு சேனல் முழுவதற்கும் பொது என்பதால், ஒரு சுரத்தை வளைத்தால் அதோடு ஒலிக்கும் மற்றவையும் சேர்ந்தே வளையும். கிட்டாரை மிடியோடு இணைத்தவர்கள் தந்திக்கு ஒரு சேனல் ஒதுக்கி 1980களிலேயே இதைச் சமாளித்தனர்; அதே உத்தியைச் சுரத்துக்கு ஒரு சேனல் என்று விரித்த முறை 2018இல்தான் விதித்தொகுப்பில் இடம்பெற்றது. 1991இல் கருவிகளின் ஒலிகளுக்கு எண் ஒதுக்கிய ‘ஜெனரல் மிடி’ பட்டியலின் 128 இடங்களில் சிதாரும் ஷெனாயும் உண்டு. வீணையும் நாதசுரமும் இல்லை.

1999இல் யுஎஸ்பி கம்பி வழியே மிடி ஓடத் தொடங்கியதும் ஐந்து ஊசிச் செருகி பல கருவிகளிலிருந்து காணாமற்போனது. அதோடு ஒளி இணைப்பியும் போனதால், 1983இல் வாசலில் நிறுத்திய உறுமல் சில மேடைகளில் திரும்பி வந்தது. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் 1987இல் மூடப்பட்டு யமஹாவின் கைக்குப் போயிற்று. ககெஹாஷியும் ஸ்மித்தும் மிடிக்காகத் தொழில்நுட்ப கிராமி விருதை 2013இல் பெற்றனர். ககெஹாஷியின் தூண்டுதலால், 2015இல் யமஹா சீக்வென்ஷியல் என்ற பெயரை ஸ்மித்திடமே திருப்பித் தந்தது. ககெஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் மறைந்தனர். 2020 ஜனவரியில் ஏற்கப்பட்ட மிடி 2.0 அழுத்த வேகத்தின் 128 படிகளை 65,536 ஆக உயர்த்தியது. சேனல்களை 256 ஆக்கியது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவைத் தந்தது. புதுமுறைக் கருவி ஒன்று இன்னொன்றோடு இணைந்ததும், புதிய மொழி தெரியுமா என்று முதலில் கேட்கிறது. விடை வராவிட்டால், எதிரே இருப்பது 1983ஆம் ஆண்டுக் கருவியாகவும் இருக்கலாம் என்று கொண்டு, பழைய மூன்று பைட்டுகளிலேயே பேசத் தொடங்கிவிடுகிறது.